ப்ராஜெக்ட் ஷெட்யூல்ல சனி ஞாயிறை வேலை நாளா மாத்துறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

மேனேஜர் வந்து "அடுத்த ஆறு வாரத்துக்கு சனிக்கிழமையும் வேலை இருக்கு, ப்ளான்ல போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். நீங்களும் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்ங்கிற ப்ளானிங் சாஃப்ட்வேரைத் தொறந்து, காலண்டர்ல சனிக்கிழமையை வேலை நாளா மாத்தி, ஓகே குடுத்துட்டு கேன்ட் சார்ட்டை (ஒவ்வொரு வேலையையும் தேதிவாரியா ஒரு பட்டையா காட்டுற படம்) பாத்தா ஒரு பார் கூட அசைஞ்சிருக்காது. இல்லன்னா பாதி டாஸ்க் முன்னாடி வந்திருக்கும், மீதி பாதி வழக்கம்போல வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட நின்னு திங்கக்கிழமை காலைல தொடரும். ஷெட்யூலிங் வேலைக்கு புதுசா வர்றவங்க நிறைய பேர் வந்து நிக்கிற இடம் இது. என்கிட்ட கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஃபோன்லயே சொல்லிட்டு இருந்தேன், இப்ப உக்காந்து முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு.

சாஃப்ட்வேர் சரியா தான் வேலை செய்யுது. விஷயம் என்னன்னா ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள காலண்டர் மூணு இடத்துல உக்காந்திருக்கு, நீங்க மாத்துனது அதுல ஒண்ணை மட்டும் தான்.

முதல்ல ப்ராஜெக்ட் காலண்டர். மொத்த ஃபைலுக்கும் பொதுவானது, ஆள் போடாத டாஸ்க் எல்லாம் இதைப் பாத்து தான் ஓடும். ரெண்டாவது ரிசோர்ஸ் காலண்டர், அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா இருக்குறது. ஒரு டாஸ்க்குக்கு ஆள் போட்ட அடுத்த நொடியே அந்த டாஸ்க் ப்ராஜெக்ட் காலண்டரை விட்டுட்டு அந்த ஆளோட காலண்டரைப் பிடிச்சுக்கும். மூணாவது டாஸ்க் காலண்டர், இது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் நீங்களா போட்டா தான் வரும், இல்லன்னா காலியா இருக்கும். பாதி டாஸ்க் நகர்ந்து பாதி நகராம நிக்குதுன்னா, நகர்ந்தது ஆள் இல்லாத டாஸ்க், நின்னது ஆள் இருக்குற டாஸ்க். நேரா ஃபைல்ல போய் பாருங்க, பெரும்பாலும் அப்படித் தான் இருக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

ஃபைலை வேற பேர்ல ஒரு காப்பி சேவ் பண்ணிக்குங்க. அப்புறம் ப்ராஜெக்ட் டேப்ல செட் பேஸ்லைன் குடுத்து இப்ப இருக்குற தேதிகளைப் பதிவு பண்ணி வைங்க, ஏன்னா காலண்டரை மாத்துன உடனே எல்லா தேதியும் ஒரே அடியா நகர்ந்துடும், "சனிக்கிழமை வேலை செஞ்சா எத்தனை நாள் மிச்சம்?"னு யாராவது கேட்டா சொல்றதுக்கு பழைய தேதி கைல இருக்காது.

புது காலண்டர் உருவாக்குறது

ப்ராஜெக்ட் டேப்ல சேஞ்ச் வொர்க்கிங் டைம்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்துங்க. மேல டிராப்டவுன்ல ஸ்டாண்டர்ட், 24 ஹவர்ஸ், நைட் ஷிஃப்ட்னு மூணு இருக்கும், இது மூணும் சாஃப்ட்வேரோடயே வர்றது. ஸ்டாண்டர்ட்ல திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் காலைல 8 டு 12, மதியம் 1 டு 5, மொத்தம் 8 மணி நேரம்.

இந்த ஸ்டாண்டர்டுலயே கை வைக்காதீங்க. நிறைய பேர் நேரா அதுலயே சனிக்கிழமையை சேர்த்துடுறாங்க, உடனே வேலை நடக்குற மாதிரி தான் தெரியும், ஆனா ஸ்டாண்டர்டை அடிப்படையா வச்சிருக்குற எல்லா ஆளுக்கும் சனிக்கிழமை வேலை நாளாயிடும், சனிக்கிழமை வராதவங்களுக்கும் சேர்த்து. அப்புறம் திரும்ப ஐந்து நாள் காலண்டர் வேணும்னா அது கைல இருக்காது. அதனால அங்கயே கிரியேட் நியூ காலண்டர் அழுத்தி, மேக் எ காப்பி ஆஃப்ல ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுத்து, புரியுற மாதிரி ஒரு பேர் வைங்க. "ஆறு நாள் 48 மணி"ன்னு வச்சா ஆறு மாசம் கழிச்சு வேற யாராவது ஃபைலைத் தொறந்தாலும் புரியும், "நியூ காலண்டர் 2"ன்னு வச்சா உங்களுக்கே புரியாது.

இப்ப கீழ ரெண்டு டேப் தெரியும், எக்செப்ஷன்ஸ், வொர்க் வீக்ஸ். வாரா வாரம் நடக்குற மாற்றம்னா வொர்க் வீக்ஸ் தான். அதுல டீஃபால்ட்னு ஒரு வரி இருக்கும், அதை செலக்ட் பண்ணி டீடெயில்ஸ் அழுத்துங்க. இடது பக்கம் கிழமைகள் வரும். சனிக்கிழமையைத் தொட்டு, மூணு ஆப்ஷன்ல கடைசியா இருக்குற, குறிப்பிட்ட நேரம் போடுற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரம் டூ கட்டத்துல 8 டு 12 ஒரு வரி, 1 டு 5 இன்னொரு வரி டைப் பண்ணுங்க. ஞாயிறும் வேணும்னா கன்ட்ரோல் கீயை அழுத்திட்டு ரெண்டு கிழமையையும் சேர்த்து செலக்ட் பண்ணிட்டு ஒரே தடவைல போட்டுடலாம். கடைசி நேரத்தை டைப் பண்ண கையோட ஓகேக்கு போகாம, பக்கத்துல வேற ஒரு கட்டத்தை க்ளிக் பண்ணிட்டு அப்புறம் ஓகே குடுங்க, அப்ப தான் டைப் பண்ணது பதிஞ்சிடுச்சான்னு கண்ணால பாத்துக்கலாம்.

ஓகே குடுத்து வந்ததும் மேல இருக்குற குட்டி காலண்டர்ல ஏதாவது ஒரு சனிக்கிழமையை க்ளிக் பண்ணுங்க. வலது பக்கம் அந்த நாளோட வேலை நேரம் காட்டும், அதுக்குக் கீழயே அந்த நேரம் எதை வச்சு வந்துச்சுன்னும் காட்டும், டீஃபால்ட் வாரமா, இல்ல ஏதாவது எக்செப்ஷனான்னு. இந்த ஒரு க்ளிக் பழக்கமாயிடுச்சுன்னா பின்னாடி அரை நாள் தேடுற வேலை மிச்சம்.

உருவாக்குனா மட்டும் போதாது

புதுசா செஞ்ச காலண்டர் சும்மா லிஸ்ட்ல இருக்கும், யாரும் அதைப் பயன்படுத்த மாட்டாங்க. ப்ராஜெக்ட் டேப்ல ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன் தொறந்து, காலண்டர்னு இருக்குற இடத்துல புது பேரைத் தேர்ந்தெடுத்து ஓகே. இப்ப ஆள் போடாத டாஸ்க் எல்லாம் சனிக்கிழமைலயும் ஓட ஆரம்பிக்கும்.

அடுத்தது ஆளுங்க, முக்கியமான இடம் இது தான். ரிசோர்ஸ் ஷீட்டுக்கு போங்க, பேஸ் காலண்டர்னு ஒரு நெடுவரிசை (column) இருக்கும். ஏற்கனவே சேர்த்து வச்ச ஆளுங்களுக்கு அதுல ஸ்டாண்டர்டுன்னு தான் இருக்கும், ப்ராஜெக்ட் காலண்டரை மாத்துனதால அது தானா மாறாது. சனிக்கிழமை வர்றவங்களுக்கு மட்டும் அந்தக் கட்டத்துல புது காலண்டரைப் போடுங்க. வராதவங்களை அப்படியே விட்டுடுங்க.

"வர்றவங்களுக்கு மட்டும்"னு நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. முன்னாடி ஒரு இடத்துல நான் போட்ட ப்ளான்ல, நேரம் மிச்சம்னு எல்லாருக்கும் மொத்தமா ஆறு நாள் காலண்டரை இழுத்து விட்டுட்டேன். டெவலப்மென்ட் டீம் சனிக்கிழமை வந்தாங்க, டெஸ்டிங் பாக்குற ரெண்டு பேரு வரலை, அவங்க ஒப்பந்தமே அஞ்சு நாளுக்குத் தான். ப்ளான்ல சனிக்கிழமை டெஸ்டிங் முடிஞ்ச மாதிரி இருக்கும், நிஜத்துல திங்கக்கிழமை தான் ஆரம்பிக்கும், ஒவ்வொரு வாரமும் இப்படியே ஒரு நாள் தள்ளி, நாலு வாரத்துல நாலு நாள் போச்சு. அந்த ரெண்டு பேரு மேல தான் மீட்டிங்ல கேள்வி வந்துச்சு, அவங்க பண்ண தப்பு எதுவுமே இல்ல, காலண்டர்ல நான் போட்டது தான் தப்பு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்காம நான் யாரோட பேஸ் காலண்டரையும் மாத்துறதில்ல.

ஒரே ஒருத்தருக்கு மட்டும் வேற நேரம்னா, அவர் பேரை டபுள் க்ளிக் பண்ணி, அங்க இருக்குற சேஞ்ச் வொர்க்கிங் டைம்ல அவருக்குன்னு தனியா மாத்திக்கலாம். லீவு போடுறதும் அங்க தான்.

40 மணி, 48 மணி கணக்கு

காலண்டர் எல்லாம் சரியா மாத்தியாச்சு, ஒரு டாஸ்க்குக்கு 1 வாரம்னு டியூரேஷன் போடுறீங்க, திங்கக்கிழமை ஆரம்பிச்சா சனிக்கிழமை முடியணும்ல, ஆனா வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடும். ஏன்னா ஒரு வாரம்னா எத்தனை மணி நேரம்னு சாஃப்ட்வேர் காலண்டரைப் பாத்து முடிவு பண்றதில்ல. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஷெட்யூல்னு போனா அங்க ஹவர்ஸ் பெர் டே 8, ஹவர்ஸ் பெர் வீக் 40, டேஸ் பெர் மன்த் 20ன்னு இருக்கும். நீங்க வாரம்னு டைப் பண்ணா அது 40 மணி நேரமா மாத்திக்கும், அவ்வளவு தான் அதுக்குத் தெரியும். ஆறு நாள் வாரம்னா 48ன்னு மாத்துங்க, மாசத்துக்கு 26 வைக்கலாம், 52 வாரத்தை ஆறால பெருக்கி 12ஆல வகுத்தா வர்றது அது தான்.

ஆனா இதை டாஸ்க் எல்லாம் டைப் பண்றதுக்கு முன்னாடியே செஞ்சிடணும். உள்ளுக்குள்ள டியூரேஷன் நிமிஷக் கணக்குல தான் சேமிச்சு வச்சிருக்கும், அதனால 1 வாரம்னு ஏற்கனவே போட்டது 40 மணி நேரமாவே இருக்கும், 48க்கு மாத்துன உடனே அது 0.83 வாரம்னு காட்டும், பாக்குறவங்க பயந்துடுவாங்க. நடுவுல கொஞ்ச வாரத்துக்கு மட்டும் தான் சனிக்கிழமை வேலைன்னா இந்த நம்பரைத் தொடாம விட்டுட்டு, டியூரேஷனை எல்லாம் நாள் கணக்குலயே டைப் பண்ணுங்க, அது தான் என் பழக்கம்.

அதே பக்கத்துல டீஃபால்ட் ஸ்டார்ட் டைம் 8, எண்ட் டைம் 5ன்னு இருக்கும். உங்க காலண்டர் 9 டு 6ன்னா இங்கயும் மாத்தியே ஆகணும். மாத்தாம விட்டா, நீங்க தேதி மட்டும் டைப் பண்ற இடத்துல எல்லாம் அது 5 மணியை முடியுற நேரமா எடுத்துக்கும், ஒரு நாள் வேலை 7 மணி நேரமா சுருங்கி 0.88 நாள்னு காட்டும். இந்த 0.88ஐப் பாத்து மண்டையை உடைச்சுக்கிட்டவங்க நிறைய பேரை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சேர்த்தா நிஜமா எவ்வளவு மிச்சம்?

10 நாள் டாஸ்க் ஒண்ணை எடுத்துக்குங்க, ஒரே ஆள், 80 மணி நேரம் வேலை, 2025 ஜூன் 2 திங்கக்கிழமை ஆரம்பம். அஞ்சு நாள் காலண்டர்ல ஜூன் 13 வெள்ளிக்கிழமை முடியும். சனிக்கிழமை முழு நாளும் வேலைன்னா ஜூன் 12 வியாழன். சனி ஞாயிறு ரெண்டும்னா ஜூன் 11 புதன். அதாவது ஒரு வாரக்கடைசியை முழுசா தியாகம் பண்ணி கிடைக்கிறது ரெண்டே நாள். மேனேஜர்கிட்ட இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, சில சமயம் வாரக்கடைசி வேலையே தேவையில்லன்னு அங்கயே முடிவாயிடும்.

இப்ப சனிக்கிழமை அரை நாள், 8 டு 12 மட்டும்னு வச்சுப் பாருங்க. முதல் வாரம் 40 கூட்டல் 4, 44 மணி ஆச்சு. மீதி 36. அடுத்த வாரம் திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் 32, வெள்ளிக்கிழமை காலைல மீதி 4. ஆக ஜூன் 13 மதியம் 12 மணிக்கு முடியும். ஆனா ஃபினிஷ் நெடுவரிசைல தேதி மட்டும் தானே காட்டும், முன்னாடியும் ஜூன் 13, இப்பவும் ஜூன் 13, "காலண்டர் வேலையே செய்யலை"ன்னு நினைச்சுடுவீங்க. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல்ல டேட் ஃபார்மேட்டை நேரமும் சேர்ந்து காட்டுற மாதிரி மாத்துனா 5 மணி 12 மணியா மாறுனது தெரியும். காலண்டர் வேலை நடக்குற அன்னிக்கு முழுக்க நேரத்தோட இருக்குற ஃபார்மேட்லயே வச்சுக்குங்க.

குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும்

முதல்ல சொன்ன "அடுத்த ஆறு வாரம்" விஷயம் இது தான், நிஜ வேலைல அதிகமா வர்றதும் இது தான். வொர்க் வீக்ஸ் டேப்ல டீஃபால்டைத் தொடாம, அடுத்த காலி வரில ஒரு பேர், ஆரம்ப தேதி, முடியுற தேதி போட்டு, அந்த வரிக்கு டீடெயில்ஸ் போய் சனிக்கிழமைக்கு நேரம் குடுங்க. அந்தத் தேதிக்குள்ள மட்டும் ஆறு நாள், அது முடிஞ்சதும் தானா அஞ்சு நாளுக்குத் திரும்பிடும். உங்க திங்கள் டு வெள்ளி நேரம் 8 டு 5 இல்லன்னா அதையும் இந்த வரிலயே திரும்ப டைப் பண்ணிடுங்க, டீஃபால்ட் வரில போட்டது இங்கயும் வந்துடும்னு நம்பி விட்டுடாதீங்க.

ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும்னா எக்செப்ஷன்ஸ் டேப். பேரும் தேதியும் போட்ட உடனே அது லீவு நாளா தான் உக்காரும், டீடெயில்ஸ் போய் வொர்க்கிங் டைம்ஸ்னு மாத்தணும், இதை மறந்துட்டு எக்செப்ஷன் போட்டும் வேலை நாளாகலையேன்னு கேக்குறவங்க உண்டு. மாசத்துல ரெண்டாவது, நாலாவது சனி மட்டும் லீவுன்னா, வார அமைப்புல எல்லா சனியையும் வேலை நாளாக்கிட்டு, எக்செப்ஷன்ல மன்த்லி ரிப்பீட் வச்சு ரெண்டாவது சனிக்கு ஒண்ணு, நாலாவது சனிக்கு ஒண்ணுன்னு ரெண்டு லீவு போட்டா முடிஞ்சுது. எக்செப்ஷனும் வார அமைப்பும் முட்டிக்கிட்டா எக்செப்ஷன் தான் ஜெயிக்கும். அதனால ஏற்கனவே போட்டு வச்ச பண்டிகை லீவு சனிக்கிழமைல வந்தா அது லீவாவே இருக்கும், கவலை வேணாம்.

ஒரு வேலை மட்டும் வாரக்கடைசில

சர்வர் மாத்துறது, ஆஃபீஸ்ல வயரிங் பண்றது மாதிரி, யாரும் இல்லாத நேரத்துல தான் செய்ய முடியும்னு சில வேலை இருக்கும். அதுக்கு திங்கள் டு வெள்ளி லீவு, சனி ஞாயிறு வேலைன்னு தனியா ஒரு காலண்டர் செஞ்சுக்குங்க. டாஸ்க்கை டபுள் க்ளிக் பண்ணி அட்வான்ஸ்ட் டேப்ல காலண்டர்ங்கிற இடத்துல அதைப் போடுங்க. இண்டிகேட்டர் நெடுவரிசைல ஒரு சின்ன அடையாளம் வந்துடும்.

ஆனா அந்த டாஸ்க்ல இருக்குற ஆள் திங்கள் டு வெள்ளி காலண்டர்ல இருந்தார்னா ரெண்டுக்கும் பொதுவான நேரமே கிடையாது, சாஃப்ட்வேர் எச்சரிக்கை காட்டும். அந்த காலண்டர் கட்டத்துக்குப் பக்கத்துலயே ஷெட்யூலிங் இக்னோர்ஸ் ரிசோர்ஸ் காலண்டர்ஸ்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அதை டிக் பண்ணா எச்சரிக்கை போயிடும், கூடவே அந்த ஆள் போட்டு வச்ச லீவும் கணக்குல இருந்து போயிடும், ஊருக்குப் போயிருக்குற நாள்லயும் அவர் பேர்ல வேலை நிக்கும். அதனால நான் அந்த டிக்கை முடிஞ்ச வரைக்கும் தவிர்ப்பேன், ஆளோட காலண்டர்ல அந்த சனி ஞாயிறுக்கு மட்டும் எக்செப்ஷன் போட்டுடுவேன். ரெண்டு நிமிஷம் கூடுதல் வேலை, அவ்வளவு தான்.

இன்னொரு வகை, யாரும் வேலையே செய்யாம நேரம் மட்டும் ஓடுற விஷயம், பெயின்ட் காயுறது, கான்கிரீட் இறுகுறது. அதுக்கு காலண்டரே மாத்தத் தேவையில்ல. டியூரேஷன்ல நம்பருக்குப் பக்கத்துல இங்கிலீஷ் டி எழுத்து மட்டும் போடுறதுக்கு பதிலா ஈ, டின்னு ரெண்டு எழுத்தையும் சேர்த்து டைப் பண்ணுங்க. அது ராத்திரி, ஞாயிறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 24 மணி நேரமா எண்ணும். லேக் (ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல விடுற இடைவெளி) போடுற இடத்துலயும் இதே மாதிரி போடலாம்.

இன்னும் நகரலையா?

டாஸ்க் மோட் பாருங்க. மேனுவலி ஷெட்யூல்ட்னு இருந்தா காலண்டரை என்ன மாத்துனாலும் அது இருந்த இடத்துலயே இருக்கும், ஆட்டோ ஷெட்யூல்டுக்கு மாத்துங்க. அடுத்து கன்ஸ்ட்ரெய்ன்ட். ஸ்டார்ட் தேதியை நீங்க கையால டைப் பண்ணியிருந்தா, ஸ்டார்ட் நோ எர்லியர் தேன் (Start No Earlier Than)னு ஒரு கட்டுப்பாடு சத்தமில்லாம அதுல உக்காந்திருக்கும், முன்னாடி இருக்குற டாஸ்க் சீக்கிரம் முடிஞ்சாலும் இது அந்தத் தேதிக்கு முன்னாடி வராது.

எல்லாம் நகர்ந்துடுச்சு ஆனா கேன்ட் சார்ட்ல சனிக்கிழமை இன்னும் சாம்பல் கலர்ல இருக்குன்னா அது வெறும் படம் தான். அந்த சாம்பல் பட்டை மேலயே டபுள் க்ளிக் பண்ணா நான்-வொர்க்கிங் டைம் (Non-working time) டேப் தொறக்கும், அங்க காலண்டர் ஸ்டாண்டர்டுன்னு நிக்கும், புது காலண்டரைத் தேர்ந்தெடுத்தா சரியாயிடும்.

சம்பளக் கணக்கும் ஃபைல்ல இருந்தா ஒண்ணு கவனிங்க. சனிக்கிழமையை காலண்டர்ல வேலை நாளாக்கிட்டா அன்னிக்கு செய்யுற வேலையை சாஃப்ட்வேர் சாதாரண ரேட்ல தான் போடும், வாரக்கடைசின்னு ஓவர்டைம் ரேட் தானா வராது. ஒவ்வொரு ஆளுக்கும் ஏ முதல் ஈ வரைக்கும் 5 காஸ்ட் ரேட் டேபிள் இருக்கு. வாரக்கடைசி வேலையைத் தனி டாஸ்க்கா பிரிச்சு பி டேபிள்ல கூடுதல் ரேட் போட்டு, அந்த டாஸ்க்ல அந்த ஆளுக்கு பி டேபிளைத் தேர்ந்தெடுத்தா செலவு சரியா வரும். வாரக்கடைசில வந்து உழைக்கிறவங்களுக்கு பட்ஜெட்ல காசு ஒதுக்காம விட்டுட்டு கடைசில திண்டாடக் கூடாது.

ப்ரைமவேரா பி6ல இருக்குறவங்களுக்கு

ப்ரைமவேரா பி6ம் இதே மாதிரி ஒரு ஷெட்யூலிங் சாஃப்ட்வேர் தான். அடிப்படை இதே தான், இடம் தான் வேற. என்டர்ப்ரைஸ் மெனுல காலண்டர்ஸ். குளோபல், ரிசோர்ஸ், ப்ராஜெக்ட்னு மூணு வகை இருக்கும். குளோபல்ல கை வச்சா அதைப் பயன்படுத்துற மத்த ப்ராஜெக்ட் எல்லாம் ஆடிடும், அதனால ப்ராஜெக்ட் வகைல ஒரு காப்பி எடுத்து, மாடிஃபை போய், வொர்க்வீக் பட்டன்ல சனிக்கிழமைக்கு மணி நேரம் குடுங்க. ப்ராஜெக்ட்டோட டீஃபால்ட்ஸ்ல காலண்டரை மாத்துனா அது இனிமே சேர்க்கப் போற ஆக்டிவிட்டிக்கு (டாஸ்க்குக்கு இங்க இது தான் பேர்) மட்டும் தான் வரும், பழசுக்கெல்லாம் காலண்டர் நெடுவரிசையைக் கொண்டு வந்து ஒண்ணுல மாத்தி ஃபில் டவுன் பண்ணிடுங்க. ஆக்டிவிட்டி டைப் டாஸ்க் டிபெண்டன்ட்னா ஆக்டிவிட்டியோட காலண்டர், ரிசோர்ஸ் டிபெண்டன்ட்னா ஆளோட காலண்டர். மாத்திட்டு எஃப்9 அழுத்தி ஷெட்யூல் ஓட்டுனா தான் தேதி நகரும். லேக் எந்த காலண்டர்ல ஓடணும்னு ஷெட்யூல் ஆப்ஷன்ஸ்ல தனியா இருக்கு, அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க. அஞ்சு நாள், ஏழு நாள் காலண்டர் கலந்து இருந்தா ஒரே வரிசைல இருக்குற ஆக்டிவிட்டிக்கே ஃப்ளோட் (முடியுற தேதி தள்ளாம ஒரு வேலை எத்தனை நாள் தாமதமாகலாம்ங்கிற கணக்கு) வேற வேறயா காட்டும், அப்ப கிரிட்டிக்கலை (தாமதமானா முடியுற தேதியையே தள்ளிடுற வேலைகளை) ஃப்ளோட் வச்சு பாக்காம லாங்கஸ்ட் பாத் (முடியுற தேதி வரைக்கும் போற நீளமான வேலை வரிசை) வச்சு பாருங்க.

கடைசியா ஃபைலை அனுப்புறதுக்கு முன்னாடி, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்ல ரிசோர்ஸ் யூசேஜ் வியூவைத் தொறந்து, டைம்ஸ்கேலை நாள் கணக்குக்கு கொண்டு வந்து, சனிக்கிழமை நெடுவரிசையை மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் பாருங்க. யார் பேருக்கு நேரா 8 மணி நேரம் விழுந்திருக்கோ அவங்க எல்லார்கிட்டயும் நேர்ல போய் "இந்த சனிக்கிழமை வர்றீங்களா"ன்னு கேளுங்க. இல்லன்னு சொல்றவங்களோட பேஸ் காலண்டரை அங்கயே ஸ்டாண்டர்டுக்கு திருப்பிட்டு, ஃபினிஷ் தேதி எங்க போய் நிக்குதுன்னு பாத்து, அந்தத் தேதியை மேனேஜருக்கு அனுப்புங்க.